மீண்டும் அவைக்கு வந்த கன்பூசியஸ்

கி.பி. 1394ஆம் ஆண்டில் சீனப் பேரரசன் ஒருவன் அறிஞர் குழு ஒன்றை அமர்த்தி, பழம்பெரும் நூல் ஒன்றிலிருந்து தனக்கு ஒவ்வாத பகுதிகளை நீக்குமாறு பணித்தான். அவன் மிங் மரபைத் தோற்றுவித்த ஹோங்வு. ஏழை உழவர் குடியில் பிறந்து, பெற்றோரைப் பஞ்சத்துக்கும் நோய்க்கும் பறிகொடுத்து, புத்த மடத்தில் அண்டிப் பிழைத்து, கலகப் படையில் சேர்ந்து, மங்கோலியரை விரட்டி அரியணை ஏறியவன். அவன் வெட்டச் சொன்ன நூல், கன்பூசியசின் வழிவந்த மென்சியஸ் என்பாரின் நூல். நாட்டில் முதலிடம் மக்களுக்கே, அரசனுடைய இடம் கடைசி என்ற கருத்தும், கொடுங்கோலனைக் கொல்வது அரசக்கொலை ஆகாது என்ற கருத்தும் அதில் இருந்தன. குடிகளை மண்ணாகவும் புல்லாகவும் நினைக்கும் மன்னனைக் குடிகள் பகைவனாக நினைப்பர் என்ற எச்சரிக்கையும் இருந்தது. இவ்வாறான 85 பகுதிகள் நீக்கப்பட்டன. தேர்வுகளில் அவற்றிலிருந்து வினாக்கள் எழுப்பலாகாது என்ற ஆணையும் பிறந்தது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, கன்பூசியசின் கோயிலில் மென்சியசுக்கு இருந்த பீடத்தையும் அவ்வரசன் அகற்றச் செய்திருந்தான். அப்போது ச்சியான் டாங் என்னும் அமைச்சர், மென்சியசுக்காக உயிர் துறப்பதும் பெருமையே என்று கூறி அரசன் முன் நின்றதாக மிங் வரலாறு சொல்கிறது. பீடம் மீண்டது. வெட்டுண்ட பகுதிகளும் அவன் மகன் யோங்லே காலத்தில் மீண்டும் நூலில் இடம் பெற்றன.

இந்நிகழ்ச்சியை முதலில் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. கடந்த நூறாண்டுகளில் ஆசிய அரசியலில் கன்பூசியம் மறுமலர்ச்சி பெற்றது என்று அடிக்கடி எழுதப்படுகிறது. மறுமலர்ச்சி பெற்றது உண்மை. ஆனால் எந்தக் கன்பூசியம்? ஹோங்வு விட்டு வைத்த பகுதியா, வெட்டி எறிந்த 85 பகுதிகளா? இவ்வினாவைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், குழப்பமான இவ்வரலாறு ஓரளவு தெளிவு பெறும்.

கன்பூசியஸ் கி.மு. 551இல் லூ என்னும் சிற்றரசில், இன்றைய ஷாண்டோங் மாநிலத்துச் சூஃபு நகரில் பிறந்தார், கி.மு. 479இல் மறைந்தார். கோங் ஃபூசி, அதாவது ஆசான் கோங், என்று சீனர் வழங்கிய பெயரைக் கன்பூசியஸ் என்று இலத்தீன் வடிவில் திரித்தவர்கள் ஐரோப்பியப் பாதிரிமார். அவர் நாடு நாடாகச் சென்று தம் அறிவுரையைக் கேட்கும் மன்னனைத் தேடினார், கிடைக்கவில்லை. இறுதியில் ஊர் திரும்பி மாணவர்க்குக் கற்பித்தார். அம்மாணவர் மரபினர் தொகுத்ததே 'லுன்யூ' என்னும் உரையாடல் நூல். ஆட்சியைத் தேடித் தோற்ற ஒருவரின் பெயரால் இரண்டாயிரம் ஆண்டுகள் ஆட்சி நடந்தது என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

அவர் செய்த புரட்சி ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. 'ஜுன்சி' என்பது அதற்கு முன் அரசன் மகனை, உயர்குடிப் பிறந்தவனைக் குறித்த சொல். கன்பூசியஸ் அதனைப் பிறப்பினின்று பிரித்து, குணத்தால் உயர்ந்தவனுக்கு உரியதாக்கினார். தமிழில் இதற்குச் சான்றோன் என்பதைக் காட்டிலும் பொருத்தமான சொல் இல்லை. நம் சங்க நூல்களில் சான்றோர் என்னும் சொல் போர்வீரரையும் குறித்து, பின்னர் பண்பிற் சிறந்தோரைக் குறிக்கலாயிற்று என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

சான்றோன் தந்தைக்கு அடங்குவான்; அரசனுக்கு ஊழியம் செய்வான்; முறைமை தவறான். இது ஒரு பக்கம். அரசனுக்கு எவ்வாறு பணியாற்ற வேண்டும் என்று சிலூ என்னும் மாணவர் கேட்டபோது, அவனை ஏமாற்றாதே, ஆனால் அவன் முகத்துக்கு எதிரே நின்று மறுத்துப் பேசு என்ற பொருள்படக் கன்பூசியஸ் விடையிறுத்தார். இது மறுபக்கம். பெற்றோரைப் பேணுதல் பற்றிய 'சியாவ்ஜிங்' என்னும் சிறு நூலிலும், தந்தை சொன்னதையெல்லாம் செய்வதுதான் பிள்ளைக் கடமையா என்று மாணவர் கேட்க, ஆசான் சினந்து, தவறு கண்டவிடத்துத் தந்தையையும் இடித்துரைப்பதே கடமை என்று கூறுகிறார். குறள் பயின்ற நமக்கு இடித்துரைக்கும் துணைவன் புதியவன் அல்லன். சீனத்தில் அவனுக்கு ஓர் அலுவலகமே இருந்தது. அதிகாரிகளின் குற்றங்களை ஆராயவும் பேரரசனையே கண்டித்து மடல் எழுதவும் கண்காணிப்பு அதிகாரிகள் இருந்தனர். எழுதியதற்காகப் பிரம்படி பட்டவர்களும் உயிரிழந்தவர்களும் அவர்களுள் பலர்.

1905இல் சீன அரசு பழைய தேர்வு முறையை ஒழித்தது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகக் கன்பூசிய நூல்களைக் கற்றவனுக்கே பதவி என்றிருந்த ஏற்பாடு ஒரே ஆணையில் மறைந்தது. 1911இல் புரட்சி, அடுத்த ஆண்டு முடியாட்சியும் போயிற்று. படித்தவன் ஏறிச் செல்லும் படிக்கட்டு இடிந்த பிறகு, அதன்மேல் வைத்திருந்த ஆசானின் சிலையை என்ன செய்வது?

முதலில் விடை சொன்னவர் காங் யூவெய். 1898ஆம் ஆண்டுக் கோடையில் நூறு நாள் மட்டுமே நீடித்த சீர்திருத்த முயற்சியின் மூளை அவரே. கன்பூசியஸ் பழமையின் காவலர் அல்லர், தம் காலத்தின் சீர்திருத்தக்காரர் என்று அதற்கு முந்தைய ஆண்டே நூல் எழுதியிருந்தார். அரசமாதா சிசி முயற்சியை நசுக்கினார். காங் நாட்டைவிட்டுத் தப்பினார். அந்த அலைச்சலின் நடுவே, 1901 முதல் 1903 வரை அவர் வாழ்ந்த இடம் நமது டார்ஜிலிங். நாடுகளின் எல்லைகளும் குடும்பமும்கூட மறைந்து உலகம் ஒன்றாகும் காலத்தைக் கற்பனை செய்யும் அவருடைய 'பெரும் ஒருமை' என்னும் நூல் அந்த மலைநகரில்தான் உருப்பெற்றது. பிறந்த மண்ணைவிட்டு வந்தவனுக்கு உலகம் முழுதும் ஒரே வீடாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

வியப்பு பின்னர் நிகழ்ந்தது. குடியரசு பிறந்ததும் அதே காங், கன்பூசியத்தை நாட்டின் சமயமாக அரசியலமைப்பில் எழுத வேண்டும் என்று இயக்கம் நடத்தினார். கிறித்தவத்துக்குத் திருச்சபை இருப்பதுபோல் தமக்கும் ஒன்று வேண்டும் என்பது அவர் எண்ணம். 1913ஆம் ஆண்டு வரைவு அந்த அளவுக்குச் செல்லவில்லை. நாட்டுக் கல்வியில் ஒழுக்கப் பயிற்சிக்குக் கன்பூசியசின் நெறி அடிப்படையாகும் என்பதோடு நின்றது. அதனைக் கையில் எடுத்துக்கொண்டவர் படைத்தலைவராயிருந்து குடியரசுத் தலைவரான யுவான் ஷிகாய். 1914இல் கன்பூசியசுக்குப் பழைய முறைப்படி வழிபாடு நடத்தினார். 1915 இறுதியில் தம்மைப் பேரரசர் என்றே அறிவித்துக்கொண்டார். நாடு கொதித்தது. சில மாதங்களில் அப்பட்டத்தைக் கைவிட்டு, 1916 ஜூனில் இறந்தார்.

புதிய தலைமுறையின் வெறுப்பை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். 'புதிய இளைஞர்' இதழில் சென் டூஷியு, அரசியலமைப்பு வழிப்பட்ட வாழ்வும் கன்பூசியமும் ஒன்றாக நிற்கமாட்டா என்று எழுதினார். 1918இல் லூ சுன் எழுதிய பித்தனின் நாட்குறிப்புக் கதையில், அறநெறி பேசும் வரலாற்று ஏட்டின் வரிகளுக்கிடையே மனிதனை மனிதன் தின்ற செய்தியைப் பித்தன் காண்கிறான். 1919 மே மாதத்து மாணவர் எழுச்சிக்குப் பின் 'கன்பூசியஸ் கடையை இடித்துத் தள்ளுவோம்' என்பது முழக்கமாயிற்று. இளம் விதவையை மறுமணமின்றி வைத்ததும், பெண்ணின் பாதத்தைக் கட்டிக் குறுக்கியதும், மகனின் வாழ்வைத் தந்தையின் சொத்தாக்கியதும் அக்கடையின் பெயரால் நடந்தவையே. அவ்விளைஞர்களைப் பண்பாடறியாதவர் என்று இன்று சிலர் பழிக்கின்றனர். அப்பழி நேர்மையற்றது.

சப்பானில் வேறுவகையாக நடந்தது. 1890இல் மெய்ஜி பேரரசர் பெயரால் வெளிவந்த கல்விப் பேராணை, பெற்றோர்ப் பற்றையும் அரசப் பற்றையும் ஒரே கயிற்றில் முறுக்கிப் பள்ளிப் பிள்ளைகளின் மனத்தில் கட்டியது. அதில் அடக்கம் இருந்தது. இடித்துரைப்பதற்கு இடமே இல்லை. 1934இல் சியாங் கை-ஷேக் தொடங்கிய புதுவாழ்வு இயக்கமும் இத்தகையதே. முறைமை, நேர்மை, தூய்மை, நாணம் என்ற நான்கு பழைய அறங்கள், பொத்தானைப் போடு, வீதியில் துப்பாதே என்னும் கட்டளைகளாகச் சுருங்கின. துப்பாமலிருப்பது நல்லதுதான். ஆனால் ஆட்சியாளன் எதைச் செய்யாமலிருக்க வேண்டும் என்பதை அவ்வியக்கம் சொல்லவில்லை.

இவர்களுக்கிடையே, நூலை வெட்டாமல் முழுமையாகப் படித்த ஒரு மனிதரைப் பற்றிச் சற்று விரித்துக் கூற வேண்டும். அவர் லியாங் ஷூமிங். 1893இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமலே, 1917இல் பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். கற்பித்த பாடம் இந்தியத் தத்துவம் என்பதை இந்திய மண்ணில் வாழும் நாம் அறிந்து மகிழலாம். மனத்தளவில் அவர் பௌத்தர். 1918இல் அவர் தந்தை, பழம்பண்பாடு அழிவதைப் பொறாமல் ஏரியில் மூழ்கி உயிர் நீத்தார். 1921இல் மகன் வெளியிட்ட 'கீழை மேலைப் பண்பாடுகளும் அவற்றின் தத்துவங்களும்' என்ற நூல், மேலை நாடு, சீனம், இந்தியா என்ற மூன்றும் வாழ்வை நோக்கும் மூன்று வழிகள் என்று வகுத்தது. உலகத்தை வெல்ல முயல்வது முதல் வழி. அதனோடு இசைந்து வாழ்வது இரண்டாம் வழி. வேட்கையையே துறப்பது மூன்றாம் வழி. உலகம் இப்போது இரண்டாம் வழிக்குத் திரும்ப வேண்டிய வேளையில் இருக்கிறது என்பது அவர் முடிவு. பெரும் நாகரிகங்களை இவ்வாறு மூன்று பெட்டிகளில் அடைப்பது பொருந்தாதென்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் அவர் எழுதியதோடு நின்றவர் அல்லர்.

1931 முதல் ஷாண்டோங் மாநிலத்துச் சோவ்பிங் வட்டத்தில் ஊரகச் சீரமைப்புப் பணியை மேற்கொண்டார். பழைய கன்பூசியச் சிற்றூர் உடன்படிக்கை முறையைப் புதுப்பித்து, ஊர்ப் பள்ளியையே ஊராட்சியின் நடுவிடமாக்கினார். பருத்தி உழவர்க்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. மேலிருந்து வரும் ஆணையால் அன்றி, கூடிப் பேசி முடிவெடுக்கும் பழக்கத்தால் மக்களாட்சி வேர்விட வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. 1937இல் சப்பானியப் படையெடுப்பு அப்பணியை அழித்தது.

பொதுவுடைமை ஆட்சி வந்தபின் நாட்டைவிட்டு ஓடாமல் பெய்ஜிங்கில் தங்கினார். மாவோவுக்கும் அவருக்கும் பழைய நட்பு உண்டு. இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். 1953 செப்டம்பரில், அரசுக் கூட்டம் ஒன்றில், தொழிலாளர் வானுலகில் இருக்க உழவர் பாதாளத்தில் கிடக்கின்றனர் என்ற கருத்தை லியாங் எடுத்துரைத்தார். மாவோ அவரைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். லியாங் எழுந்து, தம் பிழையை ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை தலைவருக்கு உண்டா என்று அவையிலேயே கேட்டார். கூச்சலிட்டு அவரை மேடையினின்று இறக்கினர். சிலூவுக்கு ஆசான் சொன்ன அறிவுரையைப் பொதுவுடைமைச் சீனத்தில் எழுத்துப் பிசகாமல் பின்பற்றிய மனிதர் என்று அவரைச் சொல்வேன்.

1966 நவம்பரில் பெய்ஜிங் ஆசிரியர் பல்கலைக்கழகத்துச் செங்காவலர் சூஃபு நகருக்குச் சென்று, கன்பூசியசின் கோயிலிலும் இடுகாட்டிலும் ஆயிரக்கணக்கான சிலைகளையும் கல்வெட்டுகளையும் உடைத்தனர். அவர் வழித்தோன்றல்களின் கல்லறைகளைத் தோண்டினர். 1974இல் லின் பியாவோவையும் கன்பூசியசையும் ஒருங்கே கண்டிக்கும் இயக்கம் நாடெங்கும் நடந்தது. இறந்த படைத்தலைவர் ஒருவரோடு இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஆசானைக் கூண்டில் ஏற்றிய விந்தை அது. கூட்டங்களில் எல்லாரும் கன்பூசியசைப் பழித்துப் பேச வேண்டும். எண்பது வயதான லியாங், லின் பியாவோவைக் கண்டிக்கலாம், கன்பூசியசைக் கண்டிக்கமாட்டேன் என்றார். பல மாதங்கள் அவரைக் கூட்டத்தில் நிறுத்தி வசைபாடினர். இறுதியில் என்ன நினைக்கிறீர் என்று கேட்டபோது, சாமானிய மனிதனின் மனவுறுதியைப் பற்றி லுன்யூவில் உள்ள கூற்று ஒன்றையே விடையாகத் தந்தார். 1988இல், 94 வயதில் மறைந்தார்.

சீனத்தை விட்டு வெளியேறிய அறிஞர்களின் கதை வேறு. 1958 புத்தாண்டு நாளில், சீனப் பண்பாடு பற்றி உலகோர்க்கு விடுத்த அறிக்கை என்ற பெயரில் ஓர் ஆவணம் வெளிவந்தது. கையொப்பமிட்டவர் நால்வர்: டாங் ஜுன்யி, மோ சோங்சான், சூ ஃபுகுவான், சாங் சுன்மாய். ஹாங்காங், தைவான், அமெரிக்கா எனச் சிதறியிருந்தவர்கள். இவர்களுள் சாங், 1949இல் தாயகம் விட்டபின் சில காலம் இந்தியாவில் தங்கிப் பல்கலைக்கழகங்களில் சொற்பொழிவாற்றியவர். அதற்கு முன் சீனக் குடியரசின் 1947ஆம் ஆண்டு அரசியலமைப்பை வரைந்தவர்களில் முதன்மையானவர். சூ ஃபுகுவானோ சியாங் கை-ஷேக்கின் படையில் தளபதி நிலையில் இருந்து, பின் அதிகாரத்தின்மேல் வெறுப்புற்று ஆசிரியரானவர்.

இவர்கள் சீன மரபைப் புகழ்ந்தார்கள். புகழ்ந்ததோடு அதன் குறையையும் மறைக்கவில்லை. அரசன் நல்லவனாக இருக்க வேண்டும் என்று கன்பூசியர் ஓயாது வற்புறுத்தினர்; நல்லவனாக இல்லாவிட்டால் அவனை அமைதியாக இறக்குவதற்கு வழி வகுக்கவில்லை. மக்களே உரிமையாளர் என்பது நூலில் இருந்தது. அரசனே உரிமையாளன் என்பது நடப்பில் இருந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட துயரமே சீன அரசியல் வரலாறு என்று சூ கருதினார். எனவே மக்களாட்சி என்பது மேலை நாட்டினின்று கடன் வாங்கும் சரக்கு அன்று, கன்பூசியம் தன் சொந்தக் கடமையை முடிக்க வேண்டுமானால் அடைந்தே தீர வேண்டிய நிலை என்பது இந்நால்வரின் வாதம். நம் பாரம்பரியத்தைப் போற்றுவோர் பலரிடம் காணமுடியாத நேர்மை இது.

சீனக் குடியரசின் அரசியலமைப்பில் ஒரு புதுமையும் உண்டு. சட்டமன்றம், ஆட்சித்துறை, நீதித்துறை என்ற மூன்றோடு, தேர்வுக்கும் கண்காணிப்புக்கும் தனித்தனி உறுப்புகளைச் சன் யாட்-சென் கருத்தின்படி சேர்த்தனர். பழைய தேர்வும் பழைய இடித்துரைப்பும் புதிய உடை அணிந்து வந்தன. தைவானில் அவை இன்றும் உள்ளன. 1984 முதல் 1993 வரை தேர்வு உறுப்பின் தலைவராக இருந்தவர் கோங் டெசெங். கன்பூசியசின் எழுபத்தேழாம் தலைமுறைப் பெயரர்.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் அந்நாட்டில் நடந்தவை நமக்கு அயலான செய்தி அல்ல.

1982இல் கல்வியமைச்சர் கோ கெங் சுவீ, உயர்நிலைப் பள்ளி மாணவர்க்குச் சமய அறிவுப் பாடங்கள் கட்டாயமாகும் என்று அறிவித்தார். விவிலியம், இஸ்லாம், பௌத்தம், இந்து சமயம், சீக்கியம் என்பவற்றோடு கன்பூசிய அறவியலும் ஒரு பாடமாகச் சேர்ந்தது. எந்தச் சமயத்தையும் சாராத சீனப் பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது என்ற சிக்கலுக்கு அது விடை. ஆனால் அதைக் கற்பிக்க ஆசிரியரோ நூலோ இல்லை. ஹார்வார்டிலிருந்து டு வெய்-மிங் உட்பட, அமெரிக்காவிலும் தைவானிலும் இருந்து எட்டு அறிஞர்கள் வரவழைக்கப்பட்டனர். 1983இல் அதற்கென ஆய்வு நிறுவனமும் தோன்றியது. வழிவழியாகச் சீன வணிகரும் கூலியாட்களும் குடியேறிய ஊருக்கு, அவர்தம் முன்னோர் நெறி அமெரிக்காவினின்று விமானத்தில் வந்து இறங்கியது!

ஏன் அப்போது? ஆங்கிலக் கல்வி பெருகி, வருவாய் உயர்ந்து, கூட்டுக் குடும்பம் சிதறத் தொடங்கியிருந்தது. சப்பான், கொரியா, தைவான், ஹாங்காங், சிங்கப்பூர் ஆகியவற்றின் பொருளாதார ஏற்றத்துக்குக் கன்பூசியமே காரணம் என்ற பேச்சும் உலகெங்கும் எழுந்திருந்தது. கன்பூசியம் முதலாளித்துவ வளர்ச்சிக்கு இடந்தராது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாக்ஸ் வெபர் எழுதியிருந்தார். அதே கன்பூசியம் எழுபதுகளின் இறுதியில் செல்வத்தின் திறவுகோல் ஆயிற்று. 1997இல் கிழக்காசிய நாணயங்கள் சரிந்தபோது, உறவினர்க்குச் சலுகை காட்டும் கன்பூசியப் பழக்கமே சரிவுக்குக் காரணம் என்றும் எழுதினார்கள். எதற்கும் காரணமாகக் காட்டத்தக்க ஒன்று எதையுமே விளக்குவதில்லை என்பதைப் பொருளாதார அறிஞர் எப்போது உணர்வார்களோ அறியோம்.

பாடம் 1984இல் தொடங்கியது. மாணவருள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே கன்பூசிய அறவியலைத் தேர்ந்தனர். சீனப் பிள்ளைகள் மிகுதியாகப் பௌத்தத்தையே நாடினர். சமயப் பாடங்கள் சமயப் பற்றைக் கூர்மையாக்கி இன ஒற்றுமைக்கு ஊறு செய்யுமோ என்ற அச்சமும் எழவே, 1989இல் கட்டாயம் நீக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 1991 ஜனவரியில், பொது விழுமியங்கள் என்ற வெள்ளை அறிக்கை வெளிவந்தது. இனத்தினும் நாடு பெரிது, தனிமனிதனினும் சமுதாயம் பெரிது, சமுதாயத்தின் அடிப்படை குடும்பம், தனிமனிதனுக்கு மதிப்பும் ஆதரவும், மோதலன்றி இணக்கம், இன, சமய ஒற்றுமை என்பன அதன் ஐந்து கூறுகள்.

இவற்றில் தமிழனோ மலாய்க்காரனோ மறுத்துரைக்கக் கூடியது எதுவும் இல்லை. ஆயினும் சீனரல்லாதார்க்கு ஐயம் இருந்தது. பெரும்பான்மையோரின் நெறி, பொது நெறி என்ற பெயரில் கொல்லைப்புற வழியாக வருகிறதோ என்பதே அது. அறிக்கையே அந்த ஐயத்துக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது. அதே அறிக்கை, அரசின் அதிகாரத்தைக் குறுக்கும் மேலைக் கருத்தைவிட, மக்களின் நம்பிக்கை பெற்ற சான்றோர் ஆளும் கருத்தே தமக்குப் பொருந்தும் என்று கன்பூசியச் சொல்லாலேயே கூறவும் செய்தது. 1966இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம் வரைந்த அந்நாட்டு உறுதிமொழி, இனம், மொழி, சமயம் என்ற வேறுபாடுகளைக் கடந்த குடிமக்களைப் பற்றிப் பேசியது. மக்களாட்சி என்ற சொல்லையும் வெளிப்படையாக வைத்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் கால் நூற்றாண்டில் காற்று எப்பக்கம் திரும்பியது என்பது புலனாகும்.

நேர்மையான, திறமையான ஆட்சியைச் சிங்கப்பூர் அமைத்தது என்பதை மறுக்க இயலாது. ஐந்து விழுமியங்களில் இணக்கம் இருக்கிறது. இடித்துரைப்பு இல்லை என்பதையும் மறுக்க இயலாது.

1994இல் லீ குவான் யூ அமெரிக்க இதழ் ஒன்றுக்கு அளித்த நேர்காணலில், கீழை நாட்டுச் சமுதாயம் குடும்பத்தின்மேல் நிற்பது, மேலை நாட்டு அரசியல் முறையை அதன்மேல் திணிக்கலாகாது என்று வாதிட்டார். அதே ஆண்டு அதே இதழில் மறுப்பு எழுதியவர் தென்கொரியாவின் கிம் டே ஜுங். 1973இல் டோக்கியோ விடுதியிலிருந்து கடத்தப்பட்டு உயிர் தப்பியவர். 1980இல் படையாட்சியால் மரண தண்டனை விதிக்கப்பட்டவர். அவர் மேலை நாட்டு மேற்கோள்களோடு நிறுத்தவில்லை. கொடிய அரசனை நீக்கும் உரிமை மக்களுக்கு உண்டு என்ற மென்சியசின் கருத்தையும், பேரரசனைத் தடுத்து நின்ற கண்காணிப்பு அவைகளையும், மனிதனே வானம் என்று போதித்த கொரியாவின் டொங்ஹாக் நெறியையும் எடுத்துக் காட்டினார். ஹோங்வு வெட்டியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டியது போல இருந்தது அக்கட்டுரை. மூன்றாண்டில் அவர் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1997இல் நம் அமர்த்தியா சென்னும் ஆசிய விழுமியம் பற்றிய உரையில், கண்மூடிய பணிவைக் கன்பூசியஸ் போதிக்கவில்லை என்பதற்குச் சிலூவின் வினாவையே சான்றாகக் காட்டினார்.

குடும்பம் பற்றிய செய்தி ஒன்றையும் விடுதல் ஆகாது. ஊரில் பெற்றோரை விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கு அது வெறும் தத்துவம் அன்று. 1995இல் சிங்கப்பூர், முதிய பெற்றோரைப் பேணாத பிள்ளைகளிடம் வாழ்வுப்பொருள் பெறுவதற்குச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் 2007இல் அத்தகைய சட்டம் வந்தது. சீனம் இன்னும் ஓரடி முன் சென்று, பிரிந்து வாழும் பிள்ளைகள் பெற்றோரை அடிக்கடி வந்து காண வேண்டும் என்று சட்டத்தில் எழுதியது. அது நடைமுறைக்கு வந்த 2013 ஜூலை முதல் நாளன்றே, மகள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையேனும் தாயைச் சென்று காண வேண்டும் என்று வூசி நகர நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணத்தை நீதிமன்றம் வாங்கித் தரலாம். முகமலர்ச்சியின்றிச் செய்யும் பேணலைக் கன்பூசியசே பேணலாகக் கொள்ளவில்லை. பிள்ளைகள் ஏன் தொலைதூர ஆலைகளுக்குச் சென்றார்கள், பெற்றோரையும் நகரத்துக்கு அழைத்துக் குடியமர்த்த முடியாதபடி குடிப்பதிவு முறை எவ்வாறு தடுத்தது என்ற வினாவைச் சட்டம் எழுப்பவில்லை. பிள்ளையின் கடமை எழுத்தில் ஏறியது. அரசின் கடமை ஏறவில்லை.

சீனத்தில் ஆசானின் மீட்சி 1984இல் கன்பூசியஸ் அறநிலையம் தோன்றியதிலிருந்தே தொடங்கிவிட்டது. 2004இல் சியோலில் முதல் கன்பூசியஸ் கல்விக்கழகம் திறக்கப்பட்டது. மொழி கற்பிக்கும் அந்நிலையங்கள் பின்னர் உலகெங்கும் பரவின. ஹூ ஜின்டாவ் ஆட்சியில் இணக்கமான சமுதாயம் என்பது கட்சியின் குறிக்கோளாயிற்று. மக்களோ, இணையத்தில் தங்கள் எழுத்து நீக்கப்பட்டால் அது 'இணக்கப்படுத்தப்பட்டது' என்று கேலி பேசினர். 2011 ஜனவரியில் தியானன்மென் சதுக்கத்தை ஒட்டிய தேசிய அருங்காட்சியகத்தின் வாயிலில் 9.5 மீட்டர் உயரமுள்ள கன்பூசியசின் வெண்கலச் சிலை எழுந்தது. ஏப்ரலில் ஓர் இரவு அது மறைந்தது. விளக்கம் எதுவும் முன்கூட்டித் தரப்படவில்லை. உள்முற்றத்துக்கு மாற்றப்பட்டதாகப் பின்னர் தெரிந்தது. மாவோவின் படத்துக்கு எதிரே ஆசானுக்கு எத்தனை அடி இடம் தரலாம் என்பதில் கட்சிக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை போலும்.

அதிகாரத்துக்கு வெளியே நின்று சிந்தித்தவர்களும் இருக்கின்றனர். மாவோவின் மனைவியின் பெயர்போல ஒலிக்கும் பெயருடைய ஜியாங் சிங் என்னும் சிந்தனையாளர், குய்சோ மலைப்பகுதியில் கல்விச்சாலை அமைத்துக்கொண்டு, மூன்று அவைகள் கொண்ட ஆட்சியைத் திட்டமிட்டார்: கன்பூசிய அறிஞர்க்கு ஓர் அவை, மக்கள் தேர்ந்தெடுக்கும் ஓர் அவை, நாட்டின் வரலாற்றைக் காக்க ஓர் அவை, மூன்றாவதற்குத் தலைமை கன்பூசியசின் வழித்தோன்றல். பிறப்பினின்று சான்றாண்மையைப் பிரித்த ஆசானின் பெயரால், பிறப்புக்கு அவையில் நாற்காலி போடும் திட்டம் எனக்கு ஏற்புடைத்தன்று. எனினும், கட்சியின் ஆட்சிக்குத் தகுதி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைப் பழைய மொழியில் துணிந்து எழுப்பியவர் அவர். அந்த வகையில் அவரும் இடித்துரைப்போர் வரிசையில் ஓரத்தில் நிற்கத்தக்கவரே.

2013 நவம்பரில் ஷி ஜின்பிங் சூஃபு நகருக்குச் சென்றார். நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் அதே மாதத்தில் செங்காவலர் சென்ற ஊர். அங்குள்ள கன்பூசியஸ் ஆய்வு நிறுவனத்தில் மேசைமேல் இருந்த நூல்களுள் இரண்டை எடுத்து, இவற்றைக் கவனமாகப் படிக்கப் போகிறேன் என்றார். அவற்றுள் ஒன்று லுன்யூவுக்கு எழுதப்பட்ட உரை. அரசனுக்கு எவ்வாறு பணியாற்ற வேண்டும் என்று சிலூ கேட்ட வினா, அந்நூலின் பதினான்காம் பகுதியில் இருக்கிறது.